அப்பா பெயரில் ஆடும் பிள்ளைகள்: வீடியோ கேம் சட்டங்கள் எங்கே சறுக்குகின்றன?

தென்கொரியாவில் மே 5 குழந்தைகள் தினம். அன்று அதிபர் மாளிகைக்குக் குழந்தைகளை அழைப்பது வழக்கம். 2020-இல் கொரோனா வந்து அதைக் கெடுத்தது. அதிபர் அலுவலகம் வேறு வழி பார்த்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் மாளிகையைக் கட்டி, அதிபர் மூன் ஜே-இன்னையும் சதுரத் தலைப் பொம்மையாக உலவவிட்டு, அந்த வீடியோவைக் குழந்தைகளுக்குப் பரிசாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு, கொரியாவில் 19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. விளையாட்டில் ஒன்றும் மாறவில்லை. அதே மண்கட்டி, அதே பன்றி, அதே கோடரி. மாறியது கணக்கு தொடங்கும் முறை. அந்த மாற்றத்தின் வேர், பத்தாண்டுகளுக்கு முன் குழந்தைகளைக் காப்பதற்காகக் கொண்டுவந்த ஒரு சட்டத்தில் இருந்தது.

பிள்ளைகள் எந்நேரமும் கேம் ஆடுவதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும் என்று நம்மூரில் பேச்சு எழும்போதெல்லாம், “கொரியாவில் செய்தார்கள், சீனாவில் செய்தார்கள்” என்று ஒரு குரல் வரும். செய்தார்கள்தான். செய்த பிறகு என்ன ஆனது என்பது மட்டும் அந்தப் பேச்சில் வருவதில்லை.

கொரியாவின் கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அங்கே அதிவேக இணையம் தெருத்தெருவாகப் பரவியது. 1998-இல் ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினிப் போர் விளையாட்டு வந்தது. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து கணினியில் ஆடும் ‘பிசி பாங்’ கடைகள் முளைத்தன. அப்புறம் செய்தித்தாள்களில் விபரீதங்கள் வரத் தொடங்கின. 2005-இல் தேகு நகரில் 28 வயது ஆள் ஒருவர் ஏறக்குறைய 50 மணி நேரம் தொடர்ந்து ஆடிவிட்டு இறந்துபோனார். 2010-இல் ஒரு தம்பதி கைதானார்கள். பிசி பாங்கில் உட்கார்ந்து திரைக்குள் ஒரு பொம்மைப் பெண்ணை வளர்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் அவர்களுடைய 3 மாதக் குழந்தை பட்டினியால் செத்துப்போயிருந்தது. நாடே அதிர்ந்தது. இந்த இரண்டு சம்பவத்திலும் ஆடியவர்கள் வளர்ந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனால் வளர்ந்தவர்களைத் தடுக்க எந்த அரசுக்கும் தைரியம் வராது. பிள்ளைகளைத் தடுக்கலாம்; அவர்களுக்கு ஓட்டு இல்லை.

2011 ஏப்ரலில் கொரிய நாடாளுமன்றம் இளையோர் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. நவம்பர் 20-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை எந்த நிறுவனமும் ஆன்லைன் கேம் வழங்கக் கூடாது. மீறினால் நிறுவனத்துக்கு ஒரு கோடி வொன் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. 12 மணி அடித்ததும் எல்லாம் மறைந்துவிடுவதால் ‘சிண்ட்ரெல்லா சட்டம்’ என்று பட்டப்பெயரும் வந்தது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 14 வயதுப் பிள்ளை இரவு 2 மணிக்குக் கேம் ஆட வேண்டுமா? வேண்டாம்தான். ஆனால் அந்தப் பிள்ளை 2 மணிக்கு ஏன் விழித்திருக்கிறது என்ற கேள்வி இருக்கிறதே. சியோலில் டியூஷன் மையங்கள் இரவு 10 மணிக்கு மேல் நடக்கக் கூடாது என்று தனியாக ஒரு கட்டுப்பாடு உண்டு. 2009-இல் அரசமைப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 10 மணி வரை டியூஷன் நடக்கிறது என்பதால்தான் அப்படி ஒரு கட்டுப்பாடே தேவைப்பட்டது. வீடு வந்து சாப்பிட்டு நிமிர்ந்தால் 11 ஆகிவிடும். நாள் முழுவதும் பிறர் வகுத்த அட்டவணையில் ஓடிய பிள்ளைக்குத் தன்னுடையது என்று கிடைக்கும் நேரமே அதற்குப் பிறகுதான். சட்டம் அந்த நேரத்தைப் பூட்டியது. அட்டவணையைத் தொடவில்லை.

சரி, பூட்டு எப்படி வேலை செய்தது?

கொரியக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் 13 இலக்கக் குடியிருப்புப் பதிவு எண் இருக்கிறது. முதல் 6 இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. ஏழாவது இலக்கத்தில் ஆணா பெண்ணா, எந்த நூற்றாண்டில் பிறந்தவர் என்பது தெரிந்துவிடும். அந்நாளில் கேம் தளங்களில் கணக்குத் தொடங்க இந்த எண்ணைத் தட்ட வேண்டும். எண்ணைப் பார்த்தாலே வயது தெரியும். அதனால் 12 மணி ஆனதும் 16 வயதுக்குக் கீழே வரும் எண்களின் கணக்குகளை வெளியே தள்ளிவிடுவது நிறுவனத்துக்குச் சுலபமான வேலை. இப்படி ஒரு எண் இல்லாத நாட்டில் இந்தச் சட்டத்தை யோசித்திருக்கவே முடியாது.

ஆனால் எண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று எண் சொல்லாது. அப்பாவின் எண், அம்மாவின் எண், பாட்டியின் எண் வீட்டிலேயே இருக்கும். வீட்டில் இல்லாவிட்டாலும் இணையத்தில் கிடைத்தது. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. கொரியாவின் மக்கள்தொகையே அப்போது 5 கோடிதான். சிண்ட்ரெல்லா சட்டம் அமலுக்கு வந்த அதே வாரத்தில், பிள்ளைகள் விரும்பி ஆடும் மேப்பிள்ஸ்டோரியை நடத்தும் நெக்ஸான் நிறுவனம், 1 கோடியே 32 லட்சம் பேரின் விவரங்கள் களவுபோய்விட்டதாக அறிவித்தது. ஒரு பக்கம் அரசு, எண்ணை வாங்கி வயதைப் பார் என்கிறது. மறுபக்கம் எண்கள் தெருவில் சிதறிக் கிடக்கின்றன. 2012-இல் இணைய நிறுவனங்கள் இந்த எண்ணைச் சேகரிக்கவே கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது. அதன்பின் வயதை அறிய செல்போன் வழியாகவும் வேறு வழிகளிலும் சுற்றிவர வேண்டியதாயிற்று. ஒரே அரசின் இரண்டு சட்டங்கள் ஒன்றின் காலை ஒன்று வாரிய கதை இது.

2012 அக்டோபரில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரான்சில் ஏற்பாடான ஒரு ஸ்டார்கிராஃப்ட் 2 போட்டியின் தகுதிச் சுற்று, ஆன்லைனில். கொரியாவின் 15 வயது வீரர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். உலகத் தரத்தில் ஆடும் தொழில்முறை வீரர். ஐரோப்பாவில் மாலை, கொரியாவில் நள்ளிரவு நெருங்குகிறது. 12 அடித்ததும் கணக்கு மூடிக்கொண்டது. வேறு கணக்கில் வந்து மிச்சத்தை ஆட வேண்டியதாயிற்று. உலகெங்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றுதான் இந்தச் சட்டம் அறிமுகமானது. அடிமையானவர் என்று சட்டம் யாரை மனத்தில் வைத்ததோ அவரல்ல இவர். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் நேர்மையாக மாட்டியது தன் சொந்தப் பெயரில் ஆடியவர்தான்.

பெற்றோர் சிலரும் கேம் நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2014 ஏப்ரலில் அரசமைப்பு நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. 16 வயதுக்குக் கீழ் மட்டும், 6 மணி நேரம் மட்டும் என்பதால் கட்டுப்பாடு அளவு மீறவில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. மாறுபட்ட இருவரும், பெற்றோர் முடிவு செய்ய வேண்டிய இடத்தில் அரசு கால்வைக்கிறது என்றார்கள். சட்டம் நீதிமன்றத்தில் ஜெயித்தது. ஆனால் அதற்குள் பிள்ளைகள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

மொபைல் கேம்களுக்கு அந்தச் சட்டம் தொடக்கத்திலிருந்தே விலக்கு அளித்திருந்தது. 2011-இல் கேம் என்றால் மேசைக் கணினி. அப்போது பிள்ளைகள் கையில் ஸ்மார்ட்போன் பரவலாக இல்லை. விலக்கை அவ்வப்போது பரிசீலிப்பதாகச் சொன்னார்கள், நீட்டித்துக்கொண்டே போனார்கள். சில ஆண்டுகளில் ஆட்டம் முழுக்கப் போனுக்கு மாறிவிட்டது. போர்வைக்குள் போன் எரிகிறது. கூடத்தில் கணினி சட்டப்படி தூங்குகிறது. சட்டத்தால் பிள்ளைகளின் இணைய நேரம் குறைந்ததா, தூக்கம் கூடியதா என்று கொரிய ஆய்வாளர்கள் புள்ளிவிவரத்தை வைத்து ஆராய்ந்தபோது, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் தென்படவில்லை.

இடையில், வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொரியாவுக்கென்று தனிப் பூட்டு செய்வது தலைவலியாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் ஆன்லைன் கேம் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவ் கணக்கை அங்கே பெரியவர்களுக்கு மட்டும் என்று வைத்துவிட்டது. பிள்ளைகளே இல்லாவிட்டால் 12 மணிக்குப் பிள்ளைகளைத் தேட வேண்டியதில்லை அல்லவா! அந்த நிறுவனம் மைன்கிராஃப்டை வாங்கி, பழைய கணக்குகளை எல்லாம் தன் கணக்கு முறைக்கு மாற்றியபோதுதான், 12 வயதுக்கு மேற்பட்டோர் ஆடலாம் என்று கொரியாவே சான்று கொடுத்த விளையாட்டு, பெரியவர்களின் விளையாட்டு ஆனது. பிள்ளைகளும் பெற்றோரும் கொதித்தார்கள். 2021 ஆகஸ்டில் அரசு சட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. 2022 ஜனவரி 1-இலிருந்து சிண்ட்ரெல்லா சட்டம் இல்லை. பெற்றோரோ பிள்ளையோ விரும்பிக் கேட்டால் குறிப்பிட்ட நேரத்தில் நிறுவனம் கணக்கை மூடிவைக்கும் ஏற்பாடு 2012-லிருந்தே இன்னொரு அமைச்சகத்தின் சட்டத்தில் இருந்தது. அது மட்டும் மிஞ்சியது.

கொரியா கைகழுவிய அதே ஆகஸ்டில்தான் சீனா பிடியை இறுக்கியது.

சீனாவுக்கு இது புதிதல்ல. 2007-லேயே ஒரு முறை வைத்திருந்தார்கள். 3 மணி நேரம் வரை ஆடினால் முழுப் புள்ளி. 3-லிருந்து 5 வரை பாதிப் புள்ளி. அதற்கு மேல் பூஜ்யம். தடுக்காமல், ஆட்டத்தின் ருசியைக் குறைப்பது. எனக்கு இன்றும் இதுதான் இருப்பதிலேயே புத்திசாலித்தனமான யோசனையாகத் தெரிகிறது. செயல்பாட்டில் அதுவும் அப்பா எண்ணிலும் இரண்டாவது கணக்கிலும் கரைந்தது. 2019-இல் இரவு 10 முதல் காலை 8 வரை தடை, சாதாரண நாளில் 90 நிமிடம், விடுமுறையில் 3 மணி நேரம். செலவுக்கும் உச்சவரம்பு: 8 வயதுக்குக் கீழே ஒரு காசும் செலவழிக்க முடியாது, 8-லிருந்து 16 வரை மாதம் 200 யுவான், 18 வரை 400 யுவான்.

2021 ஆகஸ்ட் தொடக்கத்தில் அரசு சார்ந்த பத்திரிகை ஒன்று ஆன்லைன் கேம்களை ‘மனத்துக்கான அபின்’ என்று எழுத, சீனாவின் பெரிய கேம் நிறுவனமான டென்சென்டின் பங்கு ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் சரிந்து பிறகு கொஞ்சம் மீண்டது. அம்மாதக் கடைசியில் புது உத்தரவு வந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8-லிருந்து 9 வரை மட்டும் ஆடலாம். வாரத்துக்கு 3 மணி நேரம். உலகில் இதைவிடக் கடுமையான விதி இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

விதியைக் காக்கும் கருவியும் கொரியாவிடம் இருந்ததைவிடப் பலமானது. எல்லா கேம்களும் அரசின் அடையாளச் சரிபார்ப்பு அமைப்போடு இணைக்கப்பட்டன. டென்சென்ட் ஒரு படி மேலே போய், இரவில் நெடுநேரம் ஆடும் பெரியவர் கணக்குகளுக்கு முகத்தைக் காட்டச் சொன்னது. காட்ட மறுத்தால் பிள்ளை என்று கருதி வெளியே தள்ளும். பலன் அறிக்கையில் அமோகம்: 2020 செப்டம்பரில் அந்நிறுவனத்தின் உள்நாட்டு ஆட்ட நேரத்தில் 6.4 சதவீதமாக இருந்த சிறுவர் பங்கு, 2021 செப்டம்பரில் 0.7 சதவீதம். 2022 கடைசியில் சீன கேம் தொழில் அமைப்பு, சிறுவர்களின் கேம் அடிமைத்தனம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்றே அறிவித்தது.

இந்த 0.7 எதை அளக்கிறது? சிறுவர் பெயரில் இருக்கும் கணக்குகளை. சிறுவர்களை அல்ல. உத்தரவு வந்த சில நாட்களிலேயே, 60 வயதுப் பாட்டி ஒருவரின் கணக்கு ஹானர் ஆஃப் கிங்ஸ் விளையாட்டில் நள்ளிரவு தாண்டி எதிரணியின் ஐந்து பேரையும் ஒரே மூச்சில் வீழ்த்தியது என்று சீன சமூக ஊடகம் சிரித்துத் தீர்த்தது. நிறுவனம் சரிபார்த்துப் பதில் சொன்னது: அந்தக் கணக்குக்குரியவர் முகச் சோதனையில் பலமுறை தேறியிருக்கிறார். பாட்டி உண்மையிலேயே சூரியாகவும் இருக்கலாம். பேரன் போனை நீட்டும்போது பாட்டி முகத்தைக் காட்டிவிட்டுப் படுக்கப் போயிருக்கவும் கூடும். எது நடந்தது என்று நிறுவனத்தால் அறிய முடியாது, அரசாலும் முடியாது. பெரியவர் கணக்கை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வியாபாரமும் கிளம்பி, அதை நிறுத்த டென்சென்ட் தனியாக வழக்குப் போட வேண்டிவந்தது.

2019 விதிகளுக்கு முன்னும் பின்னும் சீனாவில் பதிவான 700 கோடி மணி நேரத்துக்கு மேற்பட்ட ஆட்டத் தரவைப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. அதிக நேரம் ஆடும் கணக்குகள் குறைந்ததற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது. அந்த ஆய்வு 2021 உத்தரவைப் பற்றியதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் இவ்வளவு அதிகாரமும் தொழில்நுட்பமும் உள்ள ஒரு அரசுக்கே இந்த நிலை என்றால், மற்ற நாடுகள் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

ஜப்பானில் ககாவா மாகாணம் 2020-இல் ஒரு நாளைக்கு 60 நிமிடம், விடுமுறையில் 90 நிமிடம் என்று விதி செய்தது. தண்டனை எதுவும் இல்லை. பெற்றோர் முயல வேண்டும், அவ்வளவுதான். அதையும் எதிர்த்து ஒரு உயர்நிலைப் பள்ளி மாணவர் தாயோடு சேர்ந்து வழக்குப் போட்டார். 2022-இல் தகாமட்சு மாவட்ட நீதிமன்றம் விதி செல்லும் என்றது. தண்டனை இல்லாத விதியால் யாருடைய உரிமை பறிபோனது என்பது நீதிமன்றத்தின் பார்வை. அதே காரணத்தால் அது யாரையும் காக்கவும் இல்லை என்பது என் பார்வை.

அமெரிக்கா போன பாதை முழுக்க வேறு. அங்கே கேள்வி எத்தனை மணி நேரம் என்பதல்ல, என்ன காட்டுகிறார்கள் என்பது. மார்ட்டல் காம்பேட் என்ற சண்டை விளையாட்டில் எதிரியின் தலையை முதுகெலும்போடு பிடுங்கும் காட்சியைப் பார்த்துவிட்டு 1993 டிசம்பரில் செனட் விசாரணை நடத்தியது. அரசு கை வைப்பதற்கு முன் நாமே செய்துகொள்வோம் என்று கேம் தொழில் 1994-இல் வயது முத்திரை வாரியத்தை அமைத்தது. இன்று அட்டைப்பெட்டியில் பார்க்கும் ஈ (எல்லோருக்கும்), டீ (பதின்வயதினருக்கு), எம் (17 வயதுக்கு மேல்) எழுத்துகள் அங்கிருந்து வந்தவை. அது போதாது என்று 2005-இல் கலிஃபோர்னியா, கொடூர வன்முறை கேம்களை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் செய்தது. கையெழுத்திட்ட ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர். துப்பாக்கியும் கையுமாக நடித்தே புகழ்பெற்றவர் என்பதை யாரும் சொல்லிக்காட்டாமல் விடவில்லை.

2011 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை 7–2 என்று ரத்து செய்தது. வீடியோ கேமும் புத்தகம், நாடகம், சினிமா போலப் பேச்சுரிமைக்குள் வரும். பிள்ளைகளுக்கும் அந்த உரிமை உண்டு என்று நீதிபதி ஸ்கேலியா எழுதினார். கிரிம் சகோதரர்களின் கதைகளில் கிழவியை அடுப்புக்குள் தள்ளுவதையும் எடுத்துக்காட்டினார். நீதிபதி பிரெயருக்கு இது பிடிக்கவில்லை. 13 வயதுப் பையனுக்கு நிர்வாணப் படம் விற்கக் கூடாது என்று தடுக்கலாமாம், பெண்ணைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்து கொல்லும் விளையாட்டை விற்பதைத் தடுக்கக் கூடாதாம், இது என்ன நியாயம் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத் தீர்ப்பில் திருப்தியான பதில் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் ஸ்கேலியா சுட்டிய ஒரு விவரம் முக்கியம். வர்த்தக ஆணையம் சிறுவர்களைக் கடைக்கு அனுப்பிச் சோதித்தபோது, எம் முத்திரை கேம் வாங்க முடிந்தவர்கள் 20 சதவீதம். பெரியவர் துணையோடு பார்க்க வேண்டிய ஆர் முத்திரை சினிமா டிவிடி வாங்க முடிந்தவர்கள் 54 சதவீதம். சட்டமில்லாத முத்திரையை, கடைக்காரர்கள் ஓரளவு மதித்திருக்கிறார்கள். கடையில் ஒரு மனிதர் நின்று முகத்தைப் பார்த்தார் என்பதும் காரணம். அந்தக் கடை இன்று இல்லை. கேம் நேராகப் போனுக்குள் இறங்குகிறது.

உள்ளடக்கத்தின் வாசலை நீதிமன்றம் மூடியதும் அமெரிக்க வர்த்தக ஆணையம் பணப்பெட்டி வழியாக வந்தது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் செயலிக்குள் வாங்கியவற்றுக்காக 2014-இல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரையும் கூகுள் 1.9 கோடி டாலரையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் கேம்ஸ் 52 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. அதில் 27.5 கோடி, 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் ஒப்புதலின்றிச் சேகரித்தது தொடர்பான அபராதம். 24.5 கோடி, ஆடுபவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை. ஒரே பொத்தானைத் தவறி அழுத்தினால் பணம் போய்விடும்படி திரையை அமைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. முன்பின் தெரியாதவர்களோடு பேச வைக்கும் குரல் அரட்டை, பிள்ளைகளுக்கும் தானாகவே திறந்திருந்தது. அதை மூடிவைத்துத் தொடங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

இந்த இடத்தைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கொரியாவும் சீனாவும், ஆடுவது பிள்ளையா என்று கண்டுபிடிக்கச் சொன்னன. அதில் பிள்ளை எப்போதும் ஒரு படி முன்னால் இருந்தது. எபிக் வழக்கிலோ, நிறுவனம் செய்த ஒரு வேலையைச் சுட்டி அதை நிறுத்து என்றார்கள். அரட்டை மூடியே இருந்தால் ஆடுபவர் 10 வயதா 40 வயதா என்று அறிய வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது. அதிர்ஷ்டப் பெட்டிகளை 2018-இல் பெல்ஜியம் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோதும் இதுதான் நடந்தது. காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டியைத் திறப்பது சூதாட்டம் என்றார்கள். பல நிறுவனங்கள் அங்கே எல்லா வயதினருக்கும் அந்தப் பெட்டி விற்பனையை நிறுத்தின. அங்கும் ஓட்டைகள் உண்டு. ஆனால் பாட்டியின் முகம் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே இரண்டு விஷயம் போட்டுக் குழப்பப்படுகிறது. ஒன்று ஆன்லைன் ரம்மி வகை, பணம் கட்டி ஆடுவது. இன்னொன்று பிள்ளைகள் ஆடும் ஃப்ரீ ஃபயர், பப்ஜி வகை. தற்கொலைச் செய்திகள் முதல் வகையில் கடன்பட்ட பெரியவர்களைப் பற்றி வந்தன. வீட்டில் சண்டை நடப்பது இரண்டாவது வகையால். சட்டம் பெரும்பாலும் முதலாவதைத்தான் தொட்டிருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடுத்த 2021 பிப்ரவரிச் சட்டத்தை அந்த ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அவசரச் சட்டம், மசோதா, 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது என்று நடந்து அந்த ஏப்ரலில் அமலானது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிகள்தான் நம் கதைக்குரியவை. பணம் வைத்து ஆடும் விளையாட்டில் 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையவே முடியாது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றைச் செல்லும் என்றது.

நள்ளிரவுப் பூட்டு என்றதும் கொரியாவின் நகல் என்று தோன்றும். ஒரு பெரிய வித்தியாசம்: இது எல்லோருக்கும். 12 மணிக்கு மூடினால் 50 வயதுக்காரருக்கும் மூடல்தான். அதனால் அந்த 5 மணி நேரத்துக்கு யார் பிள்ளை என்று தேட வேண்டியதில்லை. மிச்ச 19 மணி நேரத்துக்குத்தான் ஆதார். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு முழுவதையும் வயது பாராமல் தடுத்தது. இ-ஸ்போர்ட்ஸையும் பணம் வைக்காத பொழுதுபோக்கு கேம்களையும் தடுக்காதது மட்டுமல்ல, வளர்க்கப் போவதாகவும் சொன்னது. ஆக, எட்டாம் வகுப்புப் பையன் ராத்திரி 1 மணிக்கு ஃப்ரீ ஃபயர் ஆடுவதைத் தடுக்கும் சட்டம் இன்றைக்கும் இந்தியாவில் கிடையாது. 2019 மார்ச்சில் ராஜ்கோட் காவல்துறை பப்ஜி ஆடத் தடை போட்டு, ஆடிய மாணவர்களைக் கைதும் செய்தது. விசித்திரமான அத்தியாயம், அதோடு விட்டுவிடலாம். 2020-இல் பப்ஜி மொபைல் தடையானதும் பிள்ளைகளுக்காக அல்ல. சீனாவோடு எல்லையில் மோதல் நடந்த காலம், தரவுப் பாதுகாப்பு என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு இந்தியாவுக்கென்று பெயர் மாறி வந்த பதிப்பு, 18 வயதுக்குக் கீழ் நாளுக்கு 3 மணி நேரம் என்று தானே வரம்பு வைத்துக்கொண்டது. வயதை எப்படி அறிகிறது? நீங்கள் 18 வயதுக்கு மேற்பட்டவரா என்று திரையில் கேட்கிறது. இல்லை என்றால் பெற்றோர் எண்ணுக்கு ஓடிபி வரும்.

இனி வரப்போவது பெற்றோர் ஒப்புதல். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தகவலைத் தொட, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அவர்கள் நடத்தையைக் கண்காணிக்கவும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டவும் கூடாது. இரண்டாவது பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. நிறுவனத்தின் கையைக் கட்டுகிறது. முதல் பாதிதான் பழைய இடத்துக்கே கொண்டுவிடுகிறது. 2025 நவம்பரில் அறிவித்த விதிகளின்படி நிறுவனம் உறுதி செய்ய வேண்டியது, ஒப்புதல் தருபவர் அடையாளம் காட்டக்கூடிய, வயது வந்த ஒருவர் என்பதை. அவர் அந்தப் பிள்ளையின் பெற்றோர்தானா என்பதை நிறுவ விதி வழி சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும் அண்ணனும் வயது வந்தவன்தான்.

அதற்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பெயரில் இந்தியாவில் சிம் கார்டு தருவதில்லை. பிள்ளை கையில் இருக்கும் எண் அப்பா பெயரில். பெரும்பாலான வீடுகளில் பிளே ஸ்டோர் கணக்கும் அப்பா பெயரில். யுபிஐயும் அதே எண்ணில். கேம் நிறுவனத்துக்கு அந்தப் போனில் ஆடுவது 42 வயதுக்காரர். ஒப்புதல் கேட்கும் திரையே அவருக்கு வரப்போவதில்லை.